குடிக்கிற நாளில் வண்டியைத் தொடாமல் வீடு சேருவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் எடுக்கிறவர்களில் பெரும்பாலானோர் கெட்டவர்களோ பொறுப்பில்லாதவர்களோ இல்லை. பகலில் பார்த்தால் நல்ல வேலை, வீட்டில் சின்னப் பிள்ளைகள், வண்டியைத் துடைத்து வைத்திருக்கிற ஆட்கள். இரவு பத்து மணிக்கு அதே ஆள் "எனக்கு ஒண்டும் இல்லை, நான் மெதுவாப் போவன்" என்று சொல்லிவிட்டு ஸ்டார்ட் பண்ணுகிறார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார். மதுசாரம் கை காலைப் பிடிப்பதற்கு முன்னமே, தனக்கு ஏலுமா ஏலாதா என்று அளந்து பார்க்கிற புத்தியைப் பிடித்துவிடுகிறது. தள்ளாடுகிற ஆளை நாலு பேர் சேர்ந்து மறித்துவிடுவார்கள். தள்ளாடாமல், சிரித்துக் கதைத்துக்கொண்டு, நேராக நடந்து போய் வண்டியில் ஏறுகிற ஆளைத்தான் யாரும் மறிப்பதில்லை.

அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும். எப்படி வீட்டுக்குப் போவது என்ற முடிவை முதல் கிளாசுக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். குடித்த பிறகு அந்த முடிவை எடுக்க உங்களிடம் சரியான தலை இருக்காது. குடிக்கலாமா கூடாதா என்பதைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை, அது வேறு கதை.

எவ்வளவு குடித்தால் எவ்வளவு ஏறும்

இலங்கையில் சட்டம் வைத்திருக்கிற எல்லை, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். இந்த இலக்கத்தைக் கேட்டவுடன் "அப்ப ரெண்டு பியர் அடிக்கலாம்தானே" என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கை ஒருக்கால் ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம்.

180 மில்லிலீற்றர் கால் போத்தல் சாராயம், 33 சதவீதம் என்று வைத்தால், அதில் சுத்த மதுசாரம் கிட்டத்தட்ட 47 கிராம் இருக்கும். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் ஸ்ட்ரோங் பியர், 8.8 சதவீதம் என்றால் 43 கிராம். அதாவது "நான் சாராயம் தொடுறேல்லை, பியர் மட்டும்தான்" என்று சொல்கிறவர் ஒரு பெரிய போத்தலை முடித்தால், பக்கத்தில் கால் போத்தல் அடித்தவரோடு ஏறக்குறைய ஒரே நிலையில்தான் நிற்கிறார். தவறணைக் கள்ளும் அப்படித்தான். பனங்கள்ளு இயற்கையானது, உடம்புக்குக் குளிர்ச்சி என்று எவ்வளவு சொன்னாலும், 5 சதவீதக் கள்ளு 750 மில்லிலீற்றர் குடித்தால் கிட்டத்தட்ட 30 கிராம் மதுசாரம் உள்ளே போகும். இரண்டு போத்தல் என்றால் கால் போத்தல் சாராயத்தைத் தாண்டிவிட்டீர்கள். கள்ளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இறக்கிய பிறகும் அது புளித்துக்கொண்டே இருக்கும், காலையில் இறக்கியதும் பின்னேரம் மிஞ்சிக் கிடப்பதும் ஒரே வீரியத்தில் இருக்காது. அதனால் கள்ளில் அளவு பார்த்துக் குடிக்கிறேன் என்பது நடக்காத காரியம்.

65 கிலோ எடையுள்ள ஓர் ஆண், வெறும் வயிற்றில் அந்தக் கால் போத்தலைச் சுறுக்காக முடித்தால் 80ஐத் தாண்டுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. எடை குறைந்தவருக்கும், பெண்களுக்கும் அதே அளவு இன்னும் கூட ஏறும். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறுவது கொஞ்சம் பிந்தும், ஆனால் உள்ளே போன மதுசாரம் எங்கும் ஓடிப்போவதில்லை. இன்னொன்று, 80க்குக் கீழே என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 50க்கு மேல் போகக் கூடாது என்றுதான் நாடுகளுக்குச் சொல்கிறது. சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் எல்லாம் 50. நோர்வே 20. கோடை விடுமுறைக்கு அங்கேயிருந்து வந்து, அங்கே ஒரு கிளாஸ் வைனுக்குப் பிறகு காரைத் தொடாத அதே ஆட்கள் இங்கே வாடகைக் காரில் வேறு மாதிரி நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. இங்கே வீதியில் போகிறதும் மனிதர்கள்தானே.

ஏறியது எப்படி இறங்கும்? ஈரல் தன் பாட்டில் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் என்ற கணக்கில் இறக்கும். அவ்வளவுதான். அதை விரைவாக்க உங்களால் ஒன்றுமே செய்ய முடியாது. தேசிக்காய்த் தண்ணி, மோர், கடுங் கோப்பி, கிணற்றடியில் தலையில் வாளி வாளியாக ஊற்றுவது, வாந்தி எடுப்பது, ஒரு மணித்தியாலம் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்வது, இது எதுவும் இரத்தத்தில் இருக்கிற மதுசாரத்தைக் குறைக்காது. குளித்தால் முழிப்பு வரும். முழித்துக்கொண்டிருக்கிற வெறிகாரன், அவ்வளவுதான் வித்தியாசம். வெற்றிலை, ஏலக்காய், சுயிங்கம் எல்லாம் வாய் மணத்தை மறைக்கும். ஊதுகிற கருவி பார்ப்பது நுரையீரலுக்குள் இருந்து வருகிற காற்றை.

இதிலிருந்து வருகிற, பலர் யோசிக்காத விஷயம் அடுத்த நாள் காலை. நடு இரவில் கிட்டத்தட்ட அரைப் போத்தல் உள்ளே போய், இரத்தத்தில் 200 நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு அது 95 அளவில்தான் வந்திருக்கும். நீங்கள் படுத்து எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, பிள்ளையை மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு இருத்திப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற நேரம் அது. முழுதாக இறங்க மத்தியானம் ஒரு மணி தாண்டும். எனவே இரவு பலமாகக் குடித்தால் காலைப் பயணத்துக்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு பண்ண வேண்டும்.

மருந்து எடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். தடிமனுக்கும் கடிக்கும் போடுகிற பிரிற்றன் (Piriton) குளிசை போன்றவை தனியாகவே நித்திரையைக் கொண்டுவரும். அதற்கு மேல் குடித்தால் இரண்டு பியர் நாலு பியரின் வேலையைக் காட்டும்.

நம்முடைய வீதியில் அது என்ன செய்யும்

60 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வண்டி ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடுகிறது. பிரேக்கைத் தொட அரைச் செக்கன் பிந்தினால் எட்டு மீற்றர் போய்விடும். பகலில், வெளிச்சத்தில், காய்ந்த வீதியில் அந்த எட்டு மீற்றர் சில நேரம் மன்னிக்கும். இரவில் பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் போகிற வீதியிலோ, சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி பக்கம் போகும்போதோ அது மன்னிக்காது. இரண்டு பக்கமும் கடல், விளக்கு இல்லாத நீளம், எதிரே வருகிற வாகனத்தின் ஹெட்லைட் கண்ணில் அடித்தால் பழையபடி பார்வை திரும்ப எடுக்கிற நேரம். குடித்த கண்ணுக்கு அந்த நேரம் கூடுகிறது, பக்கவாட்டில் இருப்பதும் சரியாகத் தெரியாமல் போகிறது. நம்முடைய வீதிகளில் ஆபத்து பெரும்பாலும் பக்கத்திலிருந்துதான் வரும். கட்டாக்காலி மாடு, பின் விளக்கு இல்லாத சைக்கிள், ஒழுங்கையிலிருந்து திடீரென்று எட்டிப் பார்க்கிற ஓட்டோ, வீதியோரம் நிற்பாட்டிய உழவு இயந்திரப் பெட்டி.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியதிலிருந்து புகையிரதக் கடவைகளும் சேர்ந்துகொண்டன. படலை இல்லாத கடவைகளும் இருக்கின்றன. ரயில் வருகிற வேகத்தைக் குடிக்காத ஆட்களே பிழையாகக் கணிக்கிறார்கள், இருட்டில் ஒற்றை விளக்கைப் பார்த்துத் தூரம் சொல்வது கஷ்டம்.

ஏ9 வீதியில் ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் என்று நேர்கோடாக ஓடுகிற இடங்களில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே திருப்பமே இல்லாததால் குடித்தவருக்கு நித்திரை வரும், வேகமும் தெரியாது. வண்டி மெல்ல மெல்ல மற்றப் பக்கம் சாய்ந்து போவதை அவர் உணரும்போது எதிரே பஸ் நிற்கும்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு நான் கூடுதலாகச் சொல்வேன். கார் ஓட்ட ஒரு அளவு கவனம் போதும், இரண்டு சில்லு ஓட்ட உடம்பின் சமநிலையும் வேண்டும், மதுசாரம் முதல் அடிக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. ஹெல்மெட்டைப் போடுவார், பட்டியைக் கொழுவ மாட்டார். விழுந்த முதல் நொடியிலேயே ஹெல்மெட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பின்னுக்கு இருக்கிறவருக்கும் இதே கதைதான். ஓட்டுகிறவர் குடிக்காவிட்டாலும் பின்னுக்கு நல்ல வெறியில் ஒருவரை ஏற்றினால் திருப்பத்தில் அவர் மற்றப் பக்கம் சாய்வார், இரண்டு பேரும் விழுவீர்கள். அப்படிப்பட்டவரை ஓட்டோவில் ஏற்றுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்ப முன்னரே

எளிதான வழி, வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போவது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வண்டி அங்கே நிற்காவிட்டால் இரவு பத்து மணிக்கு வாதாட ஒன்றும் இல்லை. போகும்போது ஓட்டோவில் போங்கள், அதே ஓட்டோக்காரரிடம் "அண்ணை, பத்தரைக்குத் திரும்ப வாறீங்களோ" என்று கேட்டு நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டணத்துக்குள் இரவிலும் ஓட்டோ கிடைக்கும். வடமராட்சியின் உள் ஊர்கள், தீவுப் பக்கம், தென்மராட்சியின் உள் ஒழுங்கைகள் என்றால் பிந்தினால் கிடைக்காது, அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைப்பது. கட்டணத்தையும் அப்போதே பேசிவிடுங்கள், வெறியில் கூலிக்குச் சண்டை பிடிக்கிறதை ஓட்டோக்காரர்கள் வெறுக்கிறார்கள், அடுத்த முறை அழைத்தால் வரமாட்டார்கள்.

நாலைந்து பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் ஒருவர் குடிக்காமல் இருக்கட்டும். "கொஞ்சமாக் குடிக்கிறவர்" ஓட்டுவது என்று முடிவெடுக்காதீர்கள், அந்தக் கொஞ்சம் இரவு போகப் போக வளரும். ஒரு சொட்டும் இல்லை என்று முதலே சொன்ன ஆள்தான் சாரதி. அடுத்த முறை வேறு ஆள். அந்த ஆளுக்கு அன்றைக்குச் சாப்பாட்டுச் செலவு மற்றவர்களுடையது என்று வைத்தால் யாருக்கும் மனக்குறை இருக்காது. அவரைப் பார்த்து "என்ன, மனிசிக்குப் பயமோ" என்று பகிடி பண்ணுகிறவர்களைக் கூட்டத்திலேயே வைத்து வாயை மூடச் சொல்லுங்கள்.

வண்டியோடு போய்விட்டீர்கள், எதிர்பாராமல் குடித்தும்விட்டீர்கள் என்றால், அங்கேயே படுங்கள். நம்முடைய வீடுகளில் ஒரு பாயும் தலையணியும் கேட்டால் இல்லை என்று சொல்கிற வீடு அரிது. வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து "இன்றைக்கு இங்க நிக்கிறன், காலமை வாறன்" என்று சொல்லுங்கள். மனைவி ஏசுவா. ஏசட்டும்.

நடந்து போகலாம் என்று நினைத்தாலும் தனியே போக வேண்டாம். வெறியில் இருட்டு வீதியில் நடப்பவர் வாகனத்துக்குத் தெரிய மாட்டார், வீதியோரம் இருந்து களைப்பாறுகிறேன் என்று படுத்துவிடுகிறவர்களும் உண்டு. கைத்தொலைபேசி விளக்கை எரியவிட்டு, குடிக்காத ஒருவரோடு போங்கள்.

கொண்டாட்டம் வைக்கிறவர்களுக்கு

கலியாண வீட்டில் மண்டபத்துக்குப் பின்னால் நிற்கிற வான், செத்தவீட்டில் இரவு முழிக்கிறவர்களுக்கு என்று வருகிற போத்தல், எட்டுச் செலவு, பிறந்தநாள், வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் கொடுக்கிற பார்ட்டி. எங்கே எப்போது குடி ஓடும் என்று வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். போத்தலுக்குப் பணம் ஒதுக்கும்போதே இரண்டு ஓட்டோவுக்கும் ஒதுக்குங்கள். இரவு பதினொரு மணி வரை அந்த ஓட்டோக்கள் வாசலில் நிற்கட்டும், யார் வேண்டுமென்றாலும் ஏறலாம், காசு வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு கலியாணச் செலவில் இது கண்ணுக்கே தெரியாத தொகை.

சாப்பாட்டைப் பிந்த விடாதீர்கள். பெரியவர்கள் குடித்து முடியட்டும் என்று கொத்தும் பிட்டும் பதினொரு மணிக்கு எடுத்து வைத்தால், எல்லோரும் வெறும் வயிற்றில்தான் குடிக்கிறார்கள். எட்டு மணிக்கே வைத்துவிடுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பது இலங்கையில் குற்றம். கடைக்காரருக்கு உள்ள அந்த வரம்பை உங்கள் வீட்டு மேசையிலும் பிடியுங்கள், ஏனென்றால் அந்த வயதுப் பொடியளிடம்தான் புதுப் பைக்கும் இருக்கிறது.

வாடகைக்குப் பிடித்த வான் சாரதிக்கு ஒரு பெக் ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை தயவுசெய்து இன்றோடு விடுங்கள். அன்பில்தான் கொடுக்கிறீர்கள், தெரியும். "பாவம், வெளியில் தனிய நிக்குது பொடியன்" என்று கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். அந்தப் பொடியனின் கையில்தான் உங்கள் தாய், தங்கை, அவளின் பிள்ளைகள் எல்லோரும் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ விடிய விடியப் போகப் போகிறார்கள். அவருக்கு முதல் பந்தியில் நல்ல சாப்பாடு கொடுங்கள், படுக்க ஒரு இடமும் காற்றாடியும் கொடுங்கள். அவருக்கு உண்மையில் தேவை அதுதான். புறப்படும்போது மணம் வருகிறதென்றால் ஏறாதீர்கள். வான் உரிமையாளருக்கு கோல் எடுத்து வேறு சாரதி கேளுங்கள்.

திறப்பை வாங்குவது

இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். நம்முடைய ஊரில் வயதில் மூத்தவரிடம் போய் "உங்களுக்கு ஏலாது" என்று சொல்வது இலகு இல்லை. மாமாவிடம் மருமகன் சொல்ல முடியாது, சொன்னால் அது மரியாதைப் பிரச்சினையாகிவிடும், அந்த ரோசத்திலேயே அவர் வண்டியை எடுப்பார். அதனால் யார் சொல்வது என்பதை யோசித்துச் செய்யுங்கள். அவர் வயதை ஒத்த நண்பர், இல்லாவிட்டால் அவர் தட்டாமல் பேச்சுக் கேட்கிற ஒரு அக்கா, பெரியம்மா. சபையில் வைத்துக் கேட்காமல் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். "வெறி" என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். "அண்ணை, இருட்டாக் கிடக்கு, தம்பி கொண்டுவந்து விடுவான், திறப்பைத் தாங்கோ" என்றால் பாதிப் பேர் தந்துவிடுவார்கள். "வண்டி இஞ்ச நிக்கட்டும், காலமை நான் கொண்டுவந்து தாறன்" என்று உறுதியும் கொடுங்கள், பலருக்கு உண்மையான கவலை வண்டி வெளியில் கிடக்கிறதே என்பதுதான்.

நண்பனிடம் இவ்வளவு சுற்றத் தேவையில்லை. "மச்சான், திறப்பைத் தா." தராவிட்டால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கோபிப்பான், கோபிக்க நாளைக்கு உயிரோடு இருப்பான். இன்னும் நல்லது, கூட்டம் தொடங்கும்போதே எல்லாத் திறப்பையும் குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுவது.

உங்கள் வண்டியைக் குடித்தவருக்கு இரவல் கொடுக்காதீர்கள். அவர் அடிபட்டால் வாகனம் பொலிஸில் நிற்கும், அதை எடுக்க உரிமையாளராக நீங்கள்தான் நீதிமன்றப் படியேற வேண்டும்.

பிடிபட்டால் நடப்பது

குடித்துவிட்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவில் வருகிற குற்றம். சில வீதிக் குற்றங்களைப் போல தாளை வாங்கிக்கொண்டு போய்த் தபாற்கந்தோரில் தண்டம் கட்டி முடிக்கிற விஷயம் இது இல்லை. நீதவான் முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். இடத்தைப் பொறுத்து யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்துறை என்று ஏதாவது ஒரு நீதிமன்றம். தண்டம் 25,000 ரூபாவிலிருந்து தொடங்குகிறது. மூன்று மாதம் வரை சிறையும் போட முடியும், அனுமதிப்பத்திரத்தை ஒரு வருடம் வரை இடைநிறுத்தவும் முடியும். ஓட்டோ ஓடிப் பிழைக்கிறவருக்கு, வான் ஓடுகிறவருக்கு, டெலிவரி செய்கிற பொடியனுக்குத் தண்டத்தைவிட அந்த இடைநிறுத்தம்தான் குடும்பத்தை விழுத்தும். இடைநிறுத்திய காலத்தில் ஓடிப் பிடிபட்டால் அது இன்னொரு வழக்கு.

யாரும் காயப்பட்டாலோ இறந்தாலோ கதை வேறு. தண்டம் பல மடங்கு, வருடக் கணக்கில் சிறை, அனுமதிப்பத்திரம் ரத்து. தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. அதற்கு மேல் இறந்தவர் குடும்பம் நட்டஈடு கேட்டுத் தனியாக வழக்குப் போடலாம். காப்புறுதி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறவர்கள் தங்கள் பொலிசியை எடுத்து ஒருக்கால் வாசியுங்கள். சாரதி மதுபோதையில் இருந்தால் வாகனத்தின் சேதத்துக்குப் பணம் இல்லை என்று அதில் எழுதியிருக்கும். லீசிங் வண்டி என்றால், உடைந்த வண்டிக்கு மாதத் தவணை தொடர்ந்து கட்ட வேண்டும்.

மறித்தால் நில்லுங்கள். திருப்பி ஒழுங்கைக்குள் ஓடிப்போவதுதான் இருக்கிறதில் மோசமான முடிவு, பொலிஸுக்குப் பயந்து ஓடும்போதுதான் மதிலிலோ ஆளிலோ கொண்டுபோய் அடிக்கிறார்கள். எஞ்சினை நிற்பாட்டி, ஆவணங்களைக் கொடுத்து, ஊதச் சொன்னால் ஊதுங்கள். மறுத்தால் தப்பலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள், மறுப்பது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும். தேவைப்பட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுவார்கள். வாகனம் பொலிஸ் நிலையத்தில் நிற்கும். கையில் காசைச் சுருட்டி நீட்டாதீர்கள், இலஞ்சம் கொடுப்பது தனிக் குற்றம், ஒரு வழக்கு இரண்டாகும்.

வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். விளங்காத மொழியில் இருந்தால், தமிழில் எழுதும்படி அல்லது வாசித்துச் சொல்லும்படி மரியாதையாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டுக்கு அறிவியுங்கள், சட்டத்தரணியோடு பேசுங்கள். வழக்குத் திகதிக்குக் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் பிடியாணை வரும்.

வெளிநாடு போகக் காத்திருக்கிறவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு வாசியுங்கள். விசா விண்ணப்பங்களில் எந்த நாட்டிலாவது குற்றவாளியாகக் காணப்பட்டீர்களா என்று கேட்கிறார்கள். கனடா 2018 டிசம்பரில் குடித்து ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனையை 10 வருடமாக உயர்த்தியது, அதனால் குடியேற்றச் சட்டத்தில் அது பாரதூரமான குற்ற வகைக்குள் போய்விட்டது. அங்கே வதிவிட உரிமையோடு இருக்கிறவரையே அது பாதிக்கக்கூடும். வேறு நாட்டில் பெற்ற தீர்ப்பையும் தங்கள் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஸ்பொன்சர் வேலை பாதியில் நிற்கிற நேரம் ஒரு இரவுப் பயணத்துக்காக அதைப் பணயம் வைப்பதா என்று நீங்களே யோசியுங்கள்.

அடிபட்டுக் கிடந்தால்

1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 ஜூலையிலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. பொலிஸுக்கு 119. இடம் சொல்லும்போது வீதியின் பெயரோடு அருகில் இருக்கிற கோயில், பள்ளிக்கூடம், சந்தி ஒன்றையும் சொன்னால் சுறுக்காக வந்து சேருவார்கள்.

வீதியில் விழுந்து கிடக்கிற ஒருவரில் சாராய மணம் வந்தவுடன் "வெறியில படுத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். இதை எவ்வளவு தரம் சொன்னாலும் போதாது. தலைக்குள் இரத்தம் கசிந்தாலும் மனிதர் அதே மாதிரித்தான் குழறுவார், வாந்தி எடுப்பார், எழும்ப மாட்டார். வெறியையும் மூளைக் காயத்தையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய உங்களால் முடியாது, வைத்தியருக்கே ஸ்கான் தேவைப்படுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்து, காலையில் எழுப்பப் போய் எழும்பாமல் போகிறது இப்படித்தான் நடக்கிறது. விழுந்து தலை அடிபட்டிருக்கிறது, குடித்தும் இருக்கிறார் என்றால் நேரே வைத்தியசாலை. குடித்திருப்பது தெரிந்தால் வழக்கு வரும் என்று ஒளிக்கிற வீட்டுக்காரர், வைத்தியருக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள், மயக்க மருந்து கொடுக்கிறவர்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

அம்புலன்ஸ் வரும் வரை கழுத்தை ஆட்டாதீர்கள், ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், தண்ணி பருக்காதீர்கள். வாந்தி வந்தால் தலையும் உடம்பும் ஒன்றாக, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்புங்கள். இரத்தம் ஓடுகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். வருகிற வாகனங்களுக்குத் தெரியும்படி ஒருவர் விளக்கோடு கொஞ்சம் முன்னுக்குப் போய் நிற்கட்டும்.

தினமும் குடிக்கிறவர் வீட்டில் இருந்தால்

மேலே சொன்ன ஏற்பாடுகள் இடைக்கிடை குடிக்கிறவருக்கு உதவும். ஒவ்வொரு நாளும் தவறணைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு ஒவ்வொரு நாளும் ஓட்டோ பிடிக்க முடியாது, அவருக்கு வைத்தியம்தான் வேண்டும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ் போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, அங்கே கேட்கலாம், காசு கேட்க மாட்டார்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

கோயிலில் சத்தியம் பண்ண வைத்து அன்றோடு திடீரென்று நிற்பாட்டச் செய்வதில் ஆபத்து இருக்கிறது. பல வருடமாக நிறையக் குடித்தவர் சடுதியாக விட்டால் இரண்டொரு நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காண்பது, வலிப்பு வரைக்கும் போகலாம். அப்படி ஏதாவது கண்டால் பேய் பிடித்ததென்று பார்வை பார்க்கக் கொண்டு திரியாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நல்லது, நிற்பாட்ட முன்னரே வைத்தியரிடம் போய் எவ்வளவு காலமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மறைக்காமல் சொல்வது, அதற்கேற்ற குளிசை தந்து படிப்படியாக நிற்பாட்டுவார்கள். முதல் தடவை போகும்போது அவர் மதிக்கிற ஒருவர் கூடப் போகட்டும், வழியிலேயே திரும்பி வந்துவிடாமல் இருக்க.